கட்டணத்துக்கு மேல்

சேதுபதியைத் தெரிந்தவர்கள் இன்றும் முதலில் சொல்வது அவருடைய கைச் சூட்டைத்தான். எண்ணெயைச் சூடாக்கவே வேண்டாம், அவர் உள்ளங்கையில் ஊற்றி ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும் என்பார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு பல வருடம் ஒரு ஹோட்டலில் மசாஜ் வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு துணிந்து சிங்கப்பூரின் தேக்காவில் சொந்தமாக ஓர் அறை எடுத்தார். சந்தர் ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடி. ஆண்களுக்கு மட்டும். கீழேயிருந்து மிளகாய்த்தூள் வாசம் ஏறும், மேலேயிருந்து தைல வாசம் இறங்கும், இரண்டும் குறுகலான படியில் பாதி வழியில் முட்டிக்கொள்ளும். தும்மாமல் மேலே ஏறி வந்தவர் எவருமில்லை.

அறை எடுத்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம். ஹோட்டலில் என்றால் கணக்குத் தெளிவு. கட்டணம் ஹோட்டலுக்கு, டிப்ஸ் சேதுபதிக்கு. இங்கே கட்டணமே சேதுபதிக்குத்தான் போகிறது. அதற்கு மேல் கொடுப்பதா, கூடாதா? சிங்கப்பூரில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே கிடையாது என்பார் ஒருவர். உடம்பைத் தொட்டு வேலை செய்பவரிடம் வெறுங்கையோடு எழுந்து போவது முறையா என்பார் இன்னொருவர். பெஞ்சில் காத்திருக்கும்போதே சண்டை நடக்கும்.

கணினி வேலை பார்க்கும் அருண்ராஜ் நேராகவே கேட்டுவிட்டான்.

"அண்ணே, ஓப்பனா சொல்லுங்க. போன்லயே பேநவ்ல எக்ஸ்ட்ரா காசு அனுப்பினா ஃபீல் பண்ணுவீங்களா?"

"எதுக்குலா எக்ஸ்ட்ரா? விலையை நான்தானே வச்சேன்."

"அப்ப கொடுக்காம போனா கஞ்சன்னு நினைக்க மாட்டீங்களே?"

"அது முன்னாடியே தெரியும். போய்ட்டு வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவருக்கு உள்ளே ஒன்று நெருடும். ஹோட்டலில் ஒருமுறை, அவரை விட வயதில் மிகச் சின்னவன் ஒருவன், எண்ணெய்க் கையோடு நின்ற அவருடைய சட்டைப் பையில் நோட்டைச் செருகிவிட்டு, கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான். சேதுபதி, "தேங்க் யூ சார்" என்று சிரித்தார். அவன் தட்டியதைக்கூட மறந்துவிட்டார். தான் சிரித்ததை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. இனிமேல் எவனுக்கும் அந்தச் சிரிப்பைச் சிரிப்பதில்லை என்றுதான் சொந்த அறையே எடுத்தார். ஆகவே ஒருநாள் அச்சகத்தில் சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை செய்து சுவரில் மாட்டினார். 'இங்கே உரிமையாளரே வேலை செய்கிறார். கட்டணத்துக்கு மேல் எதுவும் தர வேண்டாம்.'

எல்லோருக்கும் நிம்மதி. பெஞ்சுச் சண்டை ஓய்ந்தது. நிம்மதி கெட்டது ஒரே ஒருவருக்கு.

அவர் அம்பிகைபாகன். அந்த அறைக்கு முதன்முதலில் வந்த வாடிக்கையாளர் அவர்தான். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கியவர். மனைவி தவறிய பிறகு கிளமெண்டியில் தனியாக இருந்தார்; மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். செவ்வாய்க்கிழமை தோறும் ரயிலேறி தேக்காவுக்கு வருவார். தேய்த்த சட்டை, காலுறை, கறுப்புத் தோல் காலணி. அந்தக் காலணியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. முதல் நாள் அவர் படியேறி வந்து, "கை ராசிக்காரர் எண்டு கேள்விப்பட்டன்" என்று சொன்னதை சேதுபதி நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அறை காலியாகக் கிடந்ததில்லை.

வந்துபோகத் தொடங்கிச் சில மாதம் கழித்து, கால் பிடிக்கும்போது சேதுபதி கவனித்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதரின் கால் நகங்கள் வளைந்து வளர்ந்து கிடந்தன. இடுப்பில் அறுவை செய்துகொண்டவருக்குக் குனிய முடியாது. அதுவரை மனைவி வெட்டிவிட்டிருக்க வேண்டும். சேதுபதி மேசை இழுப்பறையிலிருந்து நகவெட்டியை எடுத்தார், ஒரு துவாலையை விரித்தார், வெட்டிவிட்டார். அம்பிகைபாகன் முகட்டைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அவர் போன பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால், அடியில் நாலாக மடித்த ஒரு நோட்டு. அன்றிலிருந்து நகம் வெட்டும் நாளெல்லாம் கிண்ணத்துக்கு அடியில் நோட்டு இருக்கும். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பலகை மாட்டிய வாரம் அம்பிகைபாகன் வந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தமிழை ஒருமுறையும் ஆங்கிலத்தை ஒருமுறையும் படித்தார்.

"நல்ல தமிழ். பிழையில்லை" என்றார்.

முதுகு முடிந்து, தோள் முடிந்து, சேதுபதி நகவெட்டியை எடுத்தபோது, அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. அது இருக்கட்டும்."

அடுத்த வாரம் காலுறையையே கழற்றவில்லை. "முதுகு மட்டும் போதும்" என்றார். அதற்கடுத்த செவ்வாய் வரவில்லை. பிறகு வரவேயில்லை. சேதுபதி போன் செய்தால், "கொஞ்சம் அலுவல் தம்பி, பிறகு பாப்பம்" என்று வைத்துவிடுவார். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடமான மனிதருக்கு என்ன அலுவல்?

பிடோக்கில் சேதுபதியின் வீட்டுச் சமையலறையில் அவர் மனைவி சிவகாமசுந்தரி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சேதுபதி எதிரில் உட்கார்ந்து, கிள்ளிய தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு வராததைப் பத்திதானே?" என்றாள் அவள்.

"வேற இடம் பாத்துட்டாரு போல. கோவமா இருக்கலாம்."

"போர்டு மாட்டினப்புறம்தானே நின்னாரு?"

"காசு கொடுக்காதீங்கன்னு சொன்னா யாராச்சும் கோவிப்பாங்களா?"

"உங்க அக்கா எடுத்துக் கொடுத்த சேலையை, இவ்வளவு விலையில எதுக்குன்னு நான் திருப்பிக் கொடுத்தேன். அதுக்கு யாரு ஒரு வருசம் எங்கூடப் பேசாம இருந்தா?"

"அது வேற."

"எல்லாம் வேறதான். போனில பேசினா அவரு அலுவல்தான் சொல்லுவாரு. நேரில போய்ப் பாருங்க. அந்தத் தலையை எல்லாம் குப்பையில போட்டுட்டுப் போங்க."

விடுமுறை நாளன்று சேதுபதி தேக்கா சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கிளமெண்டிக்கு ரயிலேறினார். வழியெல்லாம் யோசனை. முதல் வாடிக்கையாளர். வேறு யார் போயிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார். இவர் போனது, அறையின் ஒரு சுவரே போனது மாதிரி இருந்தது. எதை உடைத்தோம் என்று தெரிந்தாலாவது ஒட்டிப் பார்க்கலாம்.

கதவைத் திறந்த அம்பிகைபாகன் ரப்பர் செருப்பில் நின்றார். பெருவிரலில் கட்டு.

"என்ன தம்பி, நீர் இங்கை?"

"உங்க அலுவல் முடிஞ்சிருச்சான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "வாரும், வாரும். நல்லா நக்கலடிக்கிறீர்."

கூடத்தில் உட்கார்ந்ததும் சேதுபதியின் கண் தானாகக் காலுக்குப் போனது. நகம் வளர்ந்து பக்கத்துச் சதையில் குத்தியிருக்கிறது. மற்ற விரல்களும் அதே நிலைதான்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"பொலிகிளினிக்கிலை மருந்து தந்தவை. புண் ஆறுது. சப்பாத்துத்தான் போட ஏலாது. சப்பாத்து இல்லாமல் நான் தேக்காவுக்கு வாறதோ?"

"மககிட்ட சொல்லியிருக்கலாமே? ஞாயித்துக்கிழமை வர்றாங்கல்ல?"

"அவளும் வேலை, வீடு, பிள்ளையள் எண்டு களைச்சுப்போய் வாறவள். அவளிட்டைக் காலை நீட்டச் சொல்றீரோ?"

"எங்கிட்ட நீட்டுனீங்களே. அதை ஏன் நிறுத்தினீங்க?"

அம்பிகைபாகன் வாழைப்பழச் சீப்பை மேசையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் தந்த கட்டணம் முதுகுக்கு. நகத்துக்கு நான் ஏதோ வச்சுக்கொண்டிருந்தன். அதை நீர் வேண்டாம் எண்டு சுவரிலை எழுதிப் போட்டீர். பிறகு நீர் வெட்டினால் அது உபகாரம். ஒருக்கா எண்டால் சரி. ஒவ்வொரு மாதமும் போய் உபகாரம் கேக்கிறதுக்கு எனக்கு முகம் இல்லை."

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே ஐயா."

"அதுதானே கரைச்சல்."

சேதுபதிக்குச் சுருக்கென்றது. "அப்ப நகத்துக்கும் ஒரு விலை போட்டுடறேன். கட்டணத்தோட சேத்துக் கொடுங்க. யாரும் யாருக்கும் கடமைப்படலை."

"எங்கை போடுவீர்? அந்தப் பலகையிலையோ? போட்டால் சந்தர் ரோடு முழுக்க வந்து உம்மட்டைக் காலை நீட்டும்." அவர் குரல் இறங்கியது. "விலை நீர் வைக்கிறது தம்பி. மற்றது நான் வைக்கிறது. எனக்கும் ஏதாவது வைக்க ஒரு இடம் விடும்."

பிறகு சேதுபதி, மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத அந்த ஹோட்டல் கதையைச் சொன்னார். சட்டைப் பையில் செருகிய நோட்டு, கன்னத்தில் விழுந்த தட்டு, தான் சிரித்த சிரிப்பு. அம்பிகைபாகன் குறுக்கிடாமல் கேட்டார்.

"நான் அப்பிடியோ தந்தனான்?"

"இல்லை. நீங்க கிண்ணத்துக்கு அடியில ஒளிச்சு வச்சீங்க." சேதுபதி தயங்கினார். "அதுவும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு ஐயா. ஏதோ தப்பான காரியத்துக்குத் தர்ற மாதிரி. எடுக்கும்போது கை கூசும்."

"எனக்கு வைக்கும்போது கூசினது" என்றார் பெரியவர். "கையிலை தந்தால் நீர் கோவிப்பீரோ எண்டு பயம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சேதுபதியால் பிறகு சொல்ல முடியவில்லை. இத்தனை மாதம், ஒரு சின்னக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருவர் கூச, அந்தப் பக்கம் ஒருவர் கூச.

"நகவெட்டி இருக்கா?" என்று எழுந்தார் சேதுபதி.

குளியலறை அலமாரியில் இருந்தது, மனைவி வைத்த இடத்திலேயே. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து வந்து, நனைத்த துணியைப் போட்டு நகங்களை ஊறவைத்தார். கட்டுப் போட்ட விரலைத் தொடாமல் மற்றவற்றை ஒவ்வொன்றாக வெட்டினார். இந்தமுறை அம்பிகைபாகன் முகட்டைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பறவை கத்துகிற கத்தலைப் பற்றியும், பேரன் தமிழ்ப் பரீட்சையில் எழுதிய விநோதமான கட்டுரையைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினார்.

முடிந்ததும் உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தார். மடிக்கவில்லை.

"இந்தாரும். நல்லா வெட்டினீர்."

சேதுபதி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சிரிப்பு எதையும் வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "சரிங்க ஐயா" என்று சட்டைப் பையில் தானே வைத்துக்கொண்டார்.

"பலகையை என்ன செய்யப் போறீர்?"

"கழட்டிடறேன். அருண்ராஜ்னு ஒரு பையன் மறுபடியும் வந்து என் உயிரை எடுப்பான். எடுக்கட்டும்."

"விரல் ஆறின செவ்வாய் வாறன்."

"செருப்போட வந்தாலும் படி ஒண்ணும் சொல்லாது. இந்த வாரமே வாங்க. இப்ப கீழ போய் ஒரு தே குடிப்போம். எங்கிட்ட காசு இருக்கு."

அடுக்குமாடி புளோக்குக் கீழே கோப்பிக் கடையில் தேநீர், காப்பி விற்கும் தண்ணீர்க் கடை நடத்துவது ஃபஸீலா. அம்பிகைபாகன் செருப்போடு நொண்டி வருவதைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ன அங்கிள், இன்னிக்கு ஜோடியா வந்திருக்கீங்க?"

"இவர் என்ரை சிநேகிதர். தேக்காவிலை பெரிய முதலாளி."

"முதலாளிக்கு சீனி போடலாமா, இல்ல சீனி இல்லாம கொசோங்கா?"

"போடு போடு, முதலாளிக்கு இன்னும் சீனி வியாதி வரலை" என்றார் சேதுபதி.

இழுத்து ஆற்றிய தே தாரிக் நுரை தளும்ப வந்தது. சேதுபதி அந்த நோட்டையே எடுத்து நீட்டினார். ஃபஸீலா மீதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். குடித்து முடித்து எழுந்தபோது சேதுபதி நோட்டுகளை எடுத்துக்கொள்ள, அம்பிகைபாகன் சில்லறையை விரலால் மேசை நடுவுக்குத் தள்ளினார். 'இருக்கட்டும்' என்பது போல் கண்ணைச் சிமிட்டினார். இருவரும் மின்தூக்கி வரை போயிருப்பார்கள். பின்னாலிருந்து ஓட்டமும் நடையுமாகச் செருப்புச் சத்தம்.

"அங்கிள், அங்கிள். சில்லறையை மறந்துட்டுப் போறீங்க." ஃபஸீலா மூச்சு வாங்கியபடி காசைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அது உமக்குத்தான் பிள்ளை."

"எனக்கா? எதுக்கு?"

"தே நல்லா இருந்தது."

"அதான் காசு கொடுத்துட்டீங்களே. இதெல்லாம் இங்க பழக்கம் இல்லைலா அங்கிள்."

அம்பிகைபாகன் உதவிக்குச் சேதுபதியைப் பார்த்தார். சேதுபதி மின்தூக்கிப் பொத்தானை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப ரெண்டு கறிபஃப் தாரும்" என்றார் பெரியவர், தோற்காத குரலில்.

திரும்பக் கடைக்கு வந்தார்கள். ஃபஸீலா இடுக்கியால் இரண்டை எடுத்துக் காகிதப் பையில் போட்டாள். அவர் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு மூன்றாவதாக ஒன்றையும் எடுத்துப் போட்டாள்.

"இது சும்மா. கால் சீக்கிரம் ஆறட்டும்."

அம்பிகைபாகன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சேதுபதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் வாயை மூடினார். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்லது பிள்ளை" என்றார்.