ஜான்சி போட்ட பிரேக்

ஏலகிரி மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போன கதையை ஆல்வின் நான்காவது முறையாகச் சொன்னது கோவிலம்பாக்கத்தில், ஒரு ஞானஸ்நான விருந்தில். கையில் பிரியாணித் தட்டு. சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஜெபம் பண்ணேன். கர்த்தர்தான் வண்டிய நிறுத்தினார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"நிறுத்தினது நான்" என்றாள் அவன் மனைவி ஜான்சி.

அதற்கும் சிரித்தார்கள். ஆல்வினின் அம்மா செல்வமேரி மட்டும் சிரிக்காமல், "பொம்பளைக்கு எதுக்கும்மா ரேஸ் காரு?" என்று கேட்டார்.

"ஓட்டுறதுக்குத்தான் அத்தை."

ஜான்சி சேலையூரில் பல் மருத்துவர். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, இரண்டே கதவு, பின்சீட்டில் பையைத் தவிர ஒன்றும் உட்கார முடியாது, அவள் தன் கிளினிக் வருமானத்தில் வாங்கியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்தே வீட்டில் அதற்கு ஆகாத பேர். ஏலகிரிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். "வித்துடலாம் ஜான்சி" என்று காலைக் காப்பியோடு ஆரம்பிப்பான் ஆல்வின்.

மலையில் நடந்தது அவளுக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருந்தது. பாதி மலை இறங்கியபோது ஒரு காந்தல் நெடி. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதி கல்லு மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் வேகம் குறையாமல் போகிறது. அவள் அலறவில்லை. கியரை மூன்றுக்கு இறக்கினாள், பிறகு இரண்டுக்கு. என்ஜின் ஊளையிட்டது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அடுத்த வளைவின் ஓரத்தில் இருந்த மண் திட்டில் ஏற்றி நிறுத்தினாள். வண்டியில் ஒரு கீறல் இல்லை. பக்கத்து சீட்டில் கண்ணை மூடியிருந்தவனுக்கு இதில் எதுவும் தெரியாது. ஆனால் ஊருக்கெல்லாம் கதை சொல்வது அவன்.

விருந்து முடிந்த மறுநாளே வண்டியைப் பம்மலுக்கு, பாட்சாவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனாள். ஆல்வினும் கூட வந்தான். ரிப்பேர் பண்ணிவிட்டு விற்றால் நல்ல விலை போகும் என்பது அவன் கணக்கு.

பாட்சா முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிஸ்க் முழுக்க நீலம் பாய்ந்து, முடி மாதிரி விரிசல்கள். அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடை உருவியெடுத்துப் பார்த்தவர், "சூட்டுல கண்ணாடி மாதிரி ஆயிகீது. இது வண்டியோட வந்த பேடு இல்லக்கா. தூசு வராத பேடு" என்றார்.

"நான் மாத்தவே இல்லையே?"

பாட்சா ஆல்வினைப் பார்த்தார். "சார்தான் போன சர்வீஸ்ல மாத்தச் சொன்னாரு. வீலெல்லாம் கருப்பாவுது, கழுவ முடியலன்னு."

ஆல்வின் அவசரமாக மொபைலை எடுத்தான்.

"டவுனுக்கு ஓகேக்கா. மலை இறங்க ஆவாது" என்றார் பாட்சா, குரலைத் தணித்துக்கொண்டு.

ஜான்சிக்கு முகம் சூடேறியது. நான்கு தடவை சொன்ன கதையில் இந்த இடம் மட்டும் வரவேயில்லை.

"வண்டி யாருது அண்ணா?"

"உங்களுதுதான்க்கா."

"அப்ப என்னைக் கேட்டிருக்கணும்ல?"

"தப்புதான்க்கா."

"ஒரு பேட்ல என்ன பெரிய வித்தியாசம்னு நெனச்சேன்" என்றான் ஆல்வின்.

"அந்த வித்தியாசத்துலதான் நாம உருண்டிருப்போம்."

நிலைமையைச் சமாளிக்க பாட்சா தன் மொபைலை நீட்டினார், பழக்கதோஷத்தில் ஆல்வின் பக்கமே. "இத பாருங்க சார். பெரிய டிஸ்க்கு, ஃபுல்லா ஓட்டை, பேட புடிக்கிற காலிப்பர் கூட செவப்பு. பாக்கவே ஷோக்கா கீது."

"அண்ணா, இங்க காமிங்க."

மொபைல் கை மாறியது.

"ஓட்டை வேணாம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, முதல்ல விரிசல் விடுறது அந்த ஓட்டைகிட்டதான். இவ்ளோ பெரிய டிஸ்க் போட்டா என் வீலுக்குள்ள அடங்காது. பெரிய வீலா மாத்தணும், பட்டை ஒல்லியா இருக்கிற டயர் போடணும். அந்த டயரோட குண்டும் குழியுமான இந்தப் பம்மல் ரோட்டுல எத்தனை நாள் போவேன்?"

"அப்போ ரேஸ் பேடாவது போட்டுடு. செலவோட செலவா" என்றான் ஆல்வின், தன் பங்குக்கு.

"ரேஸ் பேட் சூடானாதான் கடிக்கும். காலையில பல்லாவரம் சிக்னல்ல யாராவது குறுக்க ஓடி வந்தா, இருங்க சூடாகட்டும்னு சொல்றதா?"

பாட்சா வாய்விட்டுச் சிரித்தார். ஏலகிரியிலிருந்து திரும்பிய மூன்று வாரமாக ஜான்சி கிளினிக்கில் நோயாளிகளுக்கு இடையில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது தெளிவாக இருந்தது. கம்பெனி அளவிலேயே கார்பன் கூடுதலான வார்ப்பிரும்பு டிஸ்க், ஓட்டையில்லாமல். குளிரிலும் பிடிக்கிற, நீண்ட இறக்கத்திலும் சோராத பேட், நாலு சக்கரத்துக்கும். அதோடு, சீக்கிரம் கொதிக்காத புது பிரேக் ஆயில்.

"இந்தப் பேடு தூசு கொட்டுமேக்கா."

"கொட்டட்டும்."

சாமான் வந்து சேரப் பத்து நாளாயிற்று. மாட்டி முடித்ததும் பாட்சா சொன்னார்: "டிஸ்க்கும் பேடும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்க்கா. காலி ரோடா பாத்து நல்லா வேகம் புடிச்சு, அழுத்தி மிதிச்சு, நிக்கிறதுக்கு முன்னாடி உட்டுரணும். திருப்பித் திருப்பி. அப்பறம் நிறுத்தவே கூடாது, ஆற வரைக்கும் ஓட்டிக்கினே இருக்கணும். சூட்டோட நிறுத்துனா டிஸ்க்குல பேடு ஒட்டிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் அதைச் செய்யப் போனாள். "நீயும் வா. இந்தத் தடவை கண்ணைத் தொறந்து வெச்சுக்கோ" என்று ஆல்வினையும் ஏற்றிக்கொண்டாள்.

கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, வேகம் பிடித்து, அழுத்தினாள். இருவரும் பெல்ட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். விட்டாள். மறுபடி வேகம். மறுபடி மிதி. மூன்றாவது தடவை ஆல்வின் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். நான்காவது தடவை, "போதும் ஜான்சி, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினான்.

"இன்னும் நாலஞ்சு தடவை இருக்கு."

"என்னை இறக்கி விட்டுடு!"

பிரேக்கில் சூடு இன்னும் முழுசாக ஏறவில்லை, நிறுத்தலாம். கண்டிகை தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாள். அவன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான். அவள் கிளம்பினாள்.

தனியாக மீதியை முடித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பிடி இறுகிக்கொண்டே வந்தது. கடைசி மிதியில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டது போலிருந்தது. யாரும் இல்லாத வண்டிக்குள் அவள் சத்தமாக, "ஆங்!" என்றாள்.

திரும்பி வரும்போது டீக்கடை வந்தது. ஆல்வின் சாலையோரம் நின்று கையை ஆட்டினான். பிரேக் கடும் சூட்டில் இருந்தது. ஜான்சி கண்ணாடியை இறக்கி, "சூடா இருக்கு, நிறுத்தக் கூடாது!" என்று கூவியபடி அவனைத் தாண்டிப் போனாள். பின்கண்ணாடியில், டீக்கடைக்காரர் அவன் கையில் இன்னொரு டம்ளரைக் கொடுப்பது தெரிந்தது.

வண்டலூர் வரை போய், ஆறவிட்டுத் திரும்பி வந்து, அவன் எதிரே மெதுவாக நிறுத்தினாள்.

"வேணும்னுதானே நிறுத்தாம போன?"

"டிஸ்க்குக்காகத்தான். வேணும்னும்தான்."

அவன் ஏறிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், "பேட் மாத்துனத நான் சொல்லியிருக்கணும்" என்றான்.

"எங்கிட்ட மட்டுமில்ல. அந்த விருந்துலயும் சொல்லியிருக்கணும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் அதை இழுக்கவில்லை. "சனிக்கிழமை ஏலகிரி போறேன். வந்தா வா, வராட்டி போ" என்று மட்டும் சொன்னாள்.

வந்தான். இறங்கும்போது, மடியில் கையைக் கோத்து, கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வளைவிலும் ஜான்சி மிதித்தாள், வண்டி சொன்னபடி கேட்டது. கடைசி வளைவு வரை மிதியில் மாற்றமில்லை. அடிவாரத்தில் பெருமூச்சு விட்டு ஆல்வின் பெல்ட்டைக் கழற்றப் போனான்.

"கழட்டாதே" என்றாள் ஜான்சி.

வண்டியைத் திருப்பி, மறுபடியும் மலைமேல் ஏற்றினாள்.