இருமலுக்கு மூன்று இடங்கள்

அச்சகத்தில் அவரைப் புரூஃப்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் மனைவி தொலைபேசியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையே என்று பதில் வரும். மருந்துப் பெட்டியோ கல்யாணப் பத்திரிகையோ, அவர் கண்ணில் படாமல் எதுவும் இயந்திரத்தில் ஏறாது. மேல்நாட்டு இசை வாசிக்கும் நகர வாத்தியக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் கச்சேரிப் பட்டியலும் அப்படித்தான். மூன்றாக மடித்த ஒரு தாள். அதில் வரப்போகிற கச்சேரிகள், தேதி, நேரம், தனியாக வாசிப்பவர் பெயர்.

அந்தக் குழுவில்தான் அவர் மனைவி வயலின் வாசிக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக இரண்டாம் வரிசை. அந்த வரிசைக்காரர்களின் பெயரை எந்தப் பட்டியலும் போடுவதில்லை. கச்சேரி நன்றாக இருந்தால் முதல் வரிசைக்குக் கைதட்டல், சொதப்பினால் இரண்டாம் வரிசைக்குத் திட்டு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று பட்டியல் மேஜைக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கச்சேரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. மூன்றாவதில் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாவது, ஞாயிறு மாலை நான்கு மணி. 'தனி வயலின்' என்று போட்டு, பக்கத்தில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. தொழில் புத்தி முதலில் எழுத்து சரியா என்று பார்த்தது. சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அது யார் பெயர் என்பதே உறைத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

சந்தோஷம் ஒரு பங்கு என்றால் வருத்தம் இரண்டு பங்கு. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஏன் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். காரணம் அவருடைய இருமல். சின்ன வயதிலிருந்தே கூட வருகிற இருமல் அது. நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, தொண்டை வாகு அப்படி என்று நான்கு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே விட்டுவிட்டால் சாதுவாக இருக்கும். அடக்கினால் மட்டும் சேர்த்து வைத்து மானத்தை வாங்கிவிடும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கச்சேரியில் அப்படித்தான் வாங்கியது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் அவர் இருமிய இருமலுக்கு, குழுவை நடத்துகிற கோல்காரர் கோலைத் தாழ்த்தி, திரும்பி அவரையே பார்த்தார். அவர் பார்த்ததால் அரங்கமே பார்த்தது. மேடையில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவளைக் கொண்டுபோய் விடுவார், முடிந்ததும் கூட்டி வருவார். இடைப்பட்ட நேரத்தில் எதிர்த்த பூங்காவில் உட்கார்ந்து பேப்பரில் அச்சுப் பிழை தேடுவார்.

சரி, அவளாகச் சொல்லட்டும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். அவள் கல்லுளிமங்கியாக இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள், வெளியே வந்து சமையலைப் பற்றிப் பேசினாள். நான்காம் நாள் பட்டியல் அச்சாகி வந்தது. வழக்கம்போல ஒன்றைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். வழக்கத்துக்கு மாறாக, ஐந்தாம் கச்சேரி தெரிகிற மாதிரி மடித்து ஒட்டினார்.

பால் எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது உங்ககிட்டதான் வரும்னு எனக்கு மறந்தே போச்சு," என்றாள்.

பத்தொன்பது வருடமாக அவர் திருத்துகிற பட்டியல் அது. அதுவே மறந்துபோகிற அளவுக்கு அவள் பயந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கோபித்துக்கொள்ள வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அவள் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு மெதுவாக எல்லாம் சொன்னாள். வெளியிலிருந்து வரவேண்டிய பெரிய வித்வான் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். கோல்காரர் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு இவளை நோக்கி விரலை நீட்டினாராம். சொன்னால் இவர் வர ஆசைப்படுவார், வர முடியாமல் தவிப்பார், அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் வாசிக்க முடியாது என்றுதான் மறைத்தாளாம்.

"நான் வரணும். ஒரு தடவையாவது நீ தனியா வாசிக்கிறத நான் கேக்கணும்," என்றார் அவர்.

அவள் யோசித்தாள். ஒரு காகிதத்தையும் அடுப்படிக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், ஒரு மணி நேரம் கழித்து வரைபடம் மாதிரி ஒன்றுடன் வந்தாள். முதல் பகுதி, ஐந்தாவது நிமிடம்: எக்காளங்கள் எல்லாம் சேர்ந்து ஊதும், தாராளமாக இருமலாம். முதல் பகுதி முடிவு: எல்லோரும் சேர்ந்தே வாசிப்போம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. இரண்டாம் பகுதிதான் வில்லங்கம். பதினாலு நிமிடம் மெல்லிய இசை, பெரும்பாலும் அவள் மட்டும். அதன் நடுவே ஒரே ஒரு இடத்தில் பெரிய முரசு இடைவிடாமல் உருண்டு முழங்கும். அவள் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதை எவ்வளவு நேரம் இழுப்பது என்பது அவள் இஷ்டம், அவள் அடுத்த சுரத்துக்குப் போகும்வரை முரசு உருண்டுகொண்டே இருக்கும். 'பன்னிரண்டு விநாடி, அதற்குள் முடித்துக்கொள்ளவும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

மூன்று இடங்கள். அவர் தாளை வாங்கிப் படித்து, முதல் வேலையாக அதிலிருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். அவள் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தாள், அவர் தரவில்லை.

அப்புறம் ஐந்து வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அவள் கூடத்தில் நின்று வாசிப்பாள். அவர் சாப்பாட்டு மேஜையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, மூன்றாவது இடம் வந்ததும் இரண்டு பென்சிலால் மேஜையில் முரசு மாதிரித் தட்டி இருமுவார். அவர் இருமிய பிறகுதான் அவள் அடுத்த சுரத்துக்குப் போவாள். சில நாள் கூப்பிட்டபோது இருமல் வராது, கூப்பிடாதபோது வந்து நிற்கும். சொந்த இருமலிடமே கெஞ்ச வேண்டியதாகிவிட்டதே என்று அவர் அலுத்துக்கொள்வார். பன்னிரண்டு விநாடி மட்டும் இருவருக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது.

அந்த ஞாயிறும் வந்தது. கதவை ஒட்டிய கடைசி வரிசை இருக்கையை அவளே வாங்கி வைத்திருந்தாள். வாயில்காப்பாளர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆறு வருடம் ஆகியும் முகம் மறக்கவில்லை போலிருக்கிறது. சட்டைப்பையில் வரைபடம், மணிக்கட்டில் கடிகாரம், கன்னத்தில் ஒதுக்கிய தொண்டை மிட்டாய். பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரிதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

எக்காளங்கள் முழங்கின. இருமினார். யாரும் திரும்பவில்லை. முதல் பகுதி முடிவில் அரங்கமே அதிர்ந்தது. அங்கேயும் பாக்கி வைக்காமல் இருமி முடித்தார்.

இரண்டாம் பகுதி தொடங்கியது. அவள் வாசித்தாள்.

வீட்டில் கேட்டது வேறு, இது வேறு. ஐந்து வாரமும் அவர் கடிகாரத்தைத்தான் கேட்டிருக்கிறார், அவளைக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளிடம் இப்படி ஒரு குரல் இருந்ததா என்று அவர் திகைத்துப்போனார். குழந்தை இல்லை என்று தெரிந்த வருடம், அவள் பேசாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மாலைகள் நினைவுக்கு வந்தன. அப்போது அவள் சொல்லாமல் விட்டதை எல்லாம் இப்போது சொல்கிறாள் என்று தோன்றியது. கண் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. மணி பார்க்கவும் தோன்றவில்லை.

முரசு உருள ஆரம்பித்ததுகூட அவருக்கு அந்த இசையின் ஒரு துண்டாகத்தான் கேட்டது. அவள் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். என்னவோ சரியில்லை என்று அவர் உடம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. பன்னிரண்டு விநாடி எப்போதோ தாண்டியிருந்தது. முரசுக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோல்காரர் கோலைத் தூக்கியபடியே அவள் பக்கம் திரும்பினார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையை, கதவுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கிறாள். அவர் இருமிவிடட்டும் என்று, அத்தனை பேரையும் நிறுத்திவைத்துக் காத்திருக்கிறாள்.

அவர் அவசரமாகத் தொண்டையைத் தேடினார். அங்கே ஒன்றுமே இல்லை. சின்ன வயதிலிருந்து விடாமல் துரத்திய சனியன், வேண்டும்போது விடுமுறையில் போயிருந்தது. வில் நுனிக்கு வந்துகொண்டிருந்தது, இன்னும் நான்கு விரல் அகலம்தான் மிச்சம். அவர் வாயைத் திறந்து, வெட்கத்தை விட்டு, இல்லாத இருமலை இருமினார். பக்கத்து இருக்கைப் பெண்மணி சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள்.

மேடையில் வில் அடுத்த சுரத்துக்குத் திரும்பியது. முரசு ஓய்ந்தது. மீதிப் பகுதியை அவள் வாசித்தபோது அரங்கில் ஒருவரும் அசையவில்லை. அவரும்தான்.

கைதட்டல் எல்லாம் ஓய்ந்து, வயலின் பெட்டியோடு அவள் பின்வாசலுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அவர் சொல்ல நினைத்ததைத் தொடங்குவதற்குள் நிஜ இருமல் வந்து ஆளையே மடக்கியது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தார். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"இது நிஜம். உள்ள இருமினீங்களே, அது பொய்," என்றாள்.

மேடையிலிருந்து அதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். இருபத்தெட்டு வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்பவளுக்குத் தெரியாதா என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மறந்துட்டேன்மா. நீ வாசிச்சதுல எனக்கு இருமவே மறந்துபோச்சு."

"தெரியும்," என்றாள் அவள். "பொய் இருமல் கேட்டதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் விட்டுப்போச்சு."

அவர் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டார். அவள் அவர் சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை உருவி, நான்காக மடித்துத் தன் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.