முன்னறைச் சுவர்

திவ்யலட்சுமி முன்னறைத் தரையில் மண்டியிட்டு, சுவரின் அடியில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தாள். அடுத்த அறையில் அவளுடைய அப்பா நெல்லையப்பன் இறந்து கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. இன்னும் சற்று நேரத்தில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இதே சுவரையொட்டித் தெற்கே தலைவைத்துக் கிடத்துவார்கள். ஆரியசாலைத் தெரு முழுவதும் வரும். நாகர்கோவில் சொந்தங்கள் வேன் பிடித்துவிட்டார்கள். சுவரோ நாறியது.

மூத்திர நாற்றம். பூனை இருந்த வீடு என்பதால் பூனை மூத்திரம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். ஆனால் பூனை குறிஞ்சியை விழிஞ்ஞத்துக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. பூனை போனால் நாற்றம் குறைய வேண்டும். கூடியது. அதுவும் குறிஞ்சி ஒருநாளும் ஒதுங்காத இந்தச் சுவரடியில்.

அவள் இதைப் பற்றி நிறையப் படித்திருந்தாள். மூத்திரத்தில் உள்ள தண்ணீர் உலர்ந்துவிடும், உப்பு உலராது. அது சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு அதை உறிஞ்சிக்கொண்டு மறுபடி மணக்கும். அதனால்தான் வீடு பார்க்க ஆள் வருகிற நாளெல்லாம் ஐப்பசித் துலா மழையும் கூடவே வந்து காட்டிக்கொடுத்தது. பினாயில் ஊற்றினாள், வினிகர் தெளித்தாள், சோடா மாவைப் பரப்பி வைத்தாள், சாம்பிராணி போட்டாள். தேய்க்கும்போது போகும். மறுநாள் அதே இடத்தில், அதே உயரத்தில் நிற்கும்.

"எட்டி, இங்க என்ன செய்யுத?" முத்தாரம்மாள் அத்தை வாசலிலேயே சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்பாவின் தங்கை. மூடியதை உடனே இறக்கி, கண்ணைத் துடைப்பதுபோல் பாவனை செய்தாள். திவ்யா இரண்டையும் பார்த்தாள்.

சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் துணிக்கடைக் கணக்குப் பார்த்த மனிதர் அப்பா. ஓய்வு பெற்ற பிறகும் தினம் தேய்த்த வெள்ளைச் சட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். அவரைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவளுக்கு இன்று வேண்டியது அது ஒன்றுதான்.

வீட்டை விற்பது அண்ணன் உமாசங்கரின் யோசனை. பெங்களூரில் இருக்கிறான். அறைக்குப் பின் அறையாக நீளும் இந்த ரயில்பெட்டி வீட்டில் அப்பாவை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கஷ்டப்படுகிறாள், லிஃப்ட் உள்ள ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்றான். தவறில்லை. புரோக்கர் ரதீஷ் வந்து சுற்றிப் பார்த்தான். குறிஞ்சி பிறாண்டிய கதவுக்குப் பெயின்ட், அதன் பால் கிண்ணம் கண்ணில் படக்கூடாது, சோபா உறையை மாற்ற வேண்டும், பூசணம் பிடித்த வெளிச்சுவரைப் பூச வேண்டும் என்று அடுக்கினான். கடைசியில்தான் முக்கியமானதைச் சொன்னான்.

"சேச்சி, வீட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா பூன உண்டுன்னு அறிஞ்சா பார்ட்டி வாசல்லயே திரிச்சுப் போவும். விக்குற வர அத எங்கயாம் மாத்தணும், கேட்டோ."

பெயின்டும் பூச்சும் முடிந்த வாரத்தில் முன்னறை நாறத் தொடங்கியது. வேலைக்கு வரும் ஷிஜா பூனையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். விழிஞ்ஞத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. குறிஞ்சியைக் கூடையில் வைத்து மூடும்போது அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில்லாச் சீவன் மக்களே. நாத்தம் அதனாலதான்னு எப்படிச் சொல்லுத?"

"பின்ன யாரு அப்பா? நானா, நீங்களா?" என்று சிரித்தாள் திவ்யா.

அப்பா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாளே குறிஞ்சி ஷிஜாவின் வீட்டிலிருந்து வெளியே ஓடி, துறைமுகச் சாலையில் லாரியில் அடிபட்டுவிட்டது. ஷிஜா போனில் அழுதாள். "அப்பாட்ட சொல்லாத" என்றாள் திவ்யா. அத்தைக்கும் அண்ணனுக்கும் மட்டும் சொன்னாள். நேற்று மாலைகூட அப்பா கேட்டார்: "அதக் கொண்டாந்துரு மக்களே. பாவம்." "வீடு வித்ததும் கொண்டாந்துருவோம் அப்பா. நல்லாத் திங்குதாம், தடிச்சிட்டாம்" என்றாள் அவள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் கேட்டார்.

தெருக்காரர்கள் நால்வர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அந்தச் சுவர் பக்கம் வேண்டாம். வாசப்பக்கம் காத்து வரும், அங்க கிடத்துங்க" என்றாள் திவ்யா. அங்கேயே கிடத்தினார்கள்.

"கெடந்த பாயி, தலகாணி ஒண்ணும் உள்ள இருக்கப்படாது, பாத்துக்க" என்றாள் அத்தை. "கட்டில நிமித்தி வச்சுட்டு, மெத்தையப் பொறவாசல் வழியா வெளிய எடு. அது மகளுக்குள்ள வேல."

ஷிஜாவும் அவளுமாக அப்பாவின் அறைக்குப் போனார்கள். மெத்தையைச் சுருட்டினார்கள். தேக்குக் கட்டிலை இழுத்தபோதுதான் நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது.

கட்டிலின் தலைமாட்டு மூலையில் ஒரு பலகை கிடந்தது. அதன் அடியில் இருப்பது என்ன என்று திவ்யாவுக்குத் தெரியும். அம்மா இருந்த காலத்தில் இந்த அறை அடுக்களை. பாத்திரம் கழுவுவதற்காக மூலையில் ஒரு முழம் சதுரத்துக்குத் தரையைத் தாழ்த்தி, சுற்றிலும் சின்ன வரம்பு கட்டியிருந்தது. அங்கணம் என்பார்கள். அதன் ஒரு பக்கம் முன்னறைச் சுவர், மறுபக்கம் சந்தைப் பார்த்த வெளிச்சுவர். தரை சந்துப் பக்கமாகச் சரிந்து, சுவரின் அடியில் ஒரு குழியில் முடியும். ஊற்றிய தண்ணீர் தானாகவே சந்துக்கு ஓடிவிடும். அடுக்களை பின்கட்டுக்குப் போனதும் அங்கணத்தைப் பலகையால் மூடி, மேலே பெட்டி வைத்தார்கள். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

இப்போது பெட்டி தள்ளிக் கிடந்தது. பலகையின் ஓரம் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு.

பலகையைத் தூக்கினாள். அங்கணம் நிரம்பி, மஞ்சளாக நின்றது. வரம்போரமாகக் கரையாத பாச்சா உருண்டைகள். போன வாரம் அப்பா கேட்டு அவள் வாங்கி வந்தவை. பீரோவில் துணிக்குப் போட என்றிருந்தார்.

திவ்யா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

கழிவறை பின்கட்டில், மூன்று அறை தாண்டி, ஒரு படி இறங்கி. அப்பாவின் முழங்கால் அந்தப் படியை எப்போது கைவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. ராத்திரி பலகையை நகர்த்தி, வேலையை முடித்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, பலகையை மூடியிருக்கிறார். தண்ணீர் சந்துக்கு ஓடிக்கொண்டிருந்தவரை யாருக்கும் ஒரு மணமும் தெரியவில்லை. பிறகு வீட்டை விற்பதற்காக வெளிச்சுவரைப் பூசினார்கள். கொத்தனார் சந்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. "அக்கா, இந்த ஓட்டய அடைக்கட்டா? பாம்பு கேறும்." அடைத்துவிடுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து தண்ணீர் தேங்கியது. தேங்கியதைச் சுண்ணாம்புச் சுவர் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, மறுபக்கம் முன்னறையில் கொண்டு காட்டியது. நாற்றம் கூடக் கூட அப்பா இன்னும் ஒரு சொம்பு ஊற்றியிருப்பார். ஊற்ற ஊற்றச் சுவர் இன்னும் மேலே ஏறிக் குடித்திருக்கும்.

ஷிஜா சொம்பைப் பார்த்தாள். பிறகு திவ்யாவைப் பார்த்தாள். சொம்பை எடுத்துத் தன் சேலையில் மறைத்துக்கொண்டாள்.

"நான் மெத்தைய எடுத்துட்டுப் போறேன் சேச்சி. கதவ உள்ள இருந்து குற்றியிட்டுக்கோ. நான் ஆரையும் விடமாட்டேன்."

திவ்யா முன்னறைப் பக்கக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வாளியில் கோரிக் கோரிப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஊற்றினாள். தேங்காய் உரிக்கும் இரும்புப் பாரையை எடுத்து வந்து குழிக்குள் விட்டுப் பார்த்தாள். ஒரு முழம் போய் முட்டியது. முன்னறையில் புதிதாக யாரோ வந்து அழத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓங்கும்போதெல்லாம் இடித்தாள்.

கதவு தட்டப்பட்டது. "என்னட்டி இடி?" அத்தை.

"பூன கழிச்சு வச்சிருக்கு அத்த. கழுவுதேன்."

"அது செத்தும் கெடுத்தது பாரு. இன்னைக்கா அத நோண்டணும்? வா, அப்பாவக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நேரமாச்சு. ஒங்கண்ணன் ஏர்போட்ல எறங்கிட்டானாம்."

"வாறேன்."

ஏழெட்டு இடிக்குப் பிறகு பூச்சு விட்டுக்கொடுத்தது. குழியின் மறுமுனையில் ரூபாய் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பாரையைச் சுழற்றிச் சுழற்றி அகலப்படுத்தினாள். முழங்கை வரை சாந்தும் அழுக்கும். வெந்நீர் கொண்டுவந்து, வரம்பைத் தேய்த்து, மூன்று வாளி ஊற்றினாள். சந்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

உமாசங்கர் அப்பாவின் காலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து அவளிடம் வந்தான். ரதீஷும் துக்கம் கேட்க வந்து ஓரமாக நின்றான்.

"நாத்தம் அவ்வளவா இல்லயே," என்றான் உமாசங்கர் மெதுவாக. "எங்க இருந்து வந்துச்சு?"

"பூனதான். கட்டிலுக்கடியில பழைய அங்கணத்துல போயிருக்கு. கொத்தனார் குழிய அடச்சதுல தேங்கிருச்சு."

"சனியன். அப்பா பாவம், அதுக்க மேலயேல்லா படுத்திருக்காரு."

"ஆமா."

வாசலில் நின்ற ஷிஜா தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இனி அந்தக் குழிய அடச்சிரலாமா சேச்சி?" என்று ரதீஷ் தணிந்த குரலில் கேட்டான். "வாங்குறவங்க சோதிச்சா?"

"அடைக்கப்படாது ரதீஷ். வெளிப்பக்கம் ஒரு குழாய் வச்சு, வாயில கம்பிவல கட்டிருங்க. பாம்பு வராது, தண்ணி போவும். தெனம் ரெண்டு வாளி வெந்நீர் ஊத்தி, சுவர் காயுறவர ஜன்னலத் தொறந்து போட்டாப் போதும். மணம் போயிரும்."