ராஜப்பா வீட்டுக் கிராமபோன்

பழைய கிராமபோன் எதைக் காட்டினாலும் தாரா முதலில் குழலைப் பார்க்க மாட்டாள். பளபளவென்று மின்னும் பித்தளைக் குழலைக் காட்டித்தானே ஊரையே ஏமாற்றுகிறார்கள். போன வருஷம் அடித்த குழல், என்றைக்கோ செய்த பெட்டி, நேற்று ஒட்டிய நாய்ப் படம், மூன்றையும் சேர்த்து வைத்து நூறு வருஷத்துச் சாமான் என்று கூசாமல் சத்தியம் செய்வார்கள். பெங்களூரில் பழம்பொருள் கடையில் வேலை பார்ப்பவள் அந்தச் சத்தியத்தையெல்லாம் காதில் வாங்கினால் பிழைக்க முடியாது. ஊசி பிடிக்கும் தலையில் மைக்காத் தகடா, அலுமினியத் தகடா என்று பார்ப்பாள். கை நேரா, வளைவா என்று பார்ப்பாள். கடைசியில் பலகையைக் கழற்றி மோட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ராஜப்பாவின் வீட்டுக்கு அவள் வந்ததும் அப்படி ஒன்றைப் பார்க்கத்தான். அவருடைய மகன் மனோகர் கடைக்குப் போன் செய்து, அப்பாவிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, என்ன வயசு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தான். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது. ராஜப்பா மைன்ஸில் கீழே இறங்கும் கேஜ் கூண்டு வாசலில் மணி அடித்தவர். ஆட்களை எண்ணி ஏற்றிக் கதவைச் சாத்துவது அவர் வேலை. மைன்ஸ் மூடி இத்தனை காலமாகியும், வருகிறவர்களை எண்ணுகிற மாதிரியேதான் பார்த்தார். மனைவி பார்வதம்மா பங்காருபேட்டைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நீ யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம், லீலாவின் மகள் என்றாள் தாரா.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மைன்ஸ் கழிவு மண் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி வருகிறதாம். காற்று அடிக்கத்தான் செய்தது. ஆனால் ஜன்னல் திறந்தே கிடந்தது.

தாரா தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். தலையில் மைக்காத் தகடு இருந்தது. கையோ அதற்குப் பிந்தியது. தாத்தா தலையைப் பேரன் உடம்பில் ஒட்டிய கதை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். திருப்புளியை எடுத்ததும் ராஜப்பா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேலாப்ல பாத்தா போதும்மா. உள்ள இன்னா கீது, ஒண்ணியும் இல்ல."

மோட்டாரைப் பார்க்காமல் வயசு சொல்ல முடியாது என்றாள். அவர் மூச்சு விடுவது அவள் பிடரியில் பட்டது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையைத் தூக்கினாள். யாரோ சாவி முறுக்கி ஓடவிடாமலே நிறுத்தியிருந்தார்கள். தடையை விலக்கியதும் மோட்டார் உயிர் பெற்றுச் சுழன்றது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் மூன்று ஈயக் குண்டுகள் சுற்றின. அவற்றோடு சுற்றிய பித்தளைத் தட்டு மட்டும் கம்பெனித் தட்டு இல்லை. தடிமனாக இருந்தது. கட்டை விரலால் அமுக்கி நிறுத்தினாள். தட்டின் மேல் எண் வெட்டியிருந்தது. 2716.

அம்மா தன் போனைத் திறக்கும் எண் அது. அப்பா அசோகனின் மைன்ஸ் டோக்கன் எண்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் கேஜில் ஏற வேண்டும். அவன் மேலே வரும் வரை அது பலகையில் ஆணியில் தொங்கும். எத்தனை டோக்கனோ அத்தனை ஆள் உள்ளே. தாரா வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் கீழே ஏர் பிளாஸ்ட் வந்து பாறை வெடித்தது. பெண்களெல்லாம் ஷாஃப்ட் குழி வாசலுக்கு ஓடி, கீழே போகும் காற்றுக் குழாயில் காதை வைத்து நின்றார்கள். மாட்டிக்கொண்டவர்கள் கல்லால் குழாயைத் தட்டுவார்கள் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். லீலாவை மட்டும் அங்கே நிற்க விடவில்லை. 2716 ஆணி காலியாக இருந்தது. உன் ஆள் உள்ளேயே இல்லையே, போ என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஓடிப்போனவன் பெண்டாட்டி. அவனுக்கு விளக்கேற்றவும் இல்லை, அவனைத் திட்டி ஓயவும் இல்லை.

ஓடிப்போனவனின் டோக்கன் இந்த மனுஷன் பெட்டிக்குள் எப்படி வந்தது? பிணத்தின் சட்டைப்பையிலிருந்தா?  கதவு தாழிட்டிருக்கிறது, ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், அவள் கையில் இருப்பது ஒரு திருப்புளி. கத்தினால் யார் வருவார்கள் என்று யோசித்தாள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் லைன் அது.

பயத்தில் கண் வேறெங்கும் போகாமல் தட்டிலேயே நின்றது. அதனால்தான் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் முக்கோணமாக மூன்று புள்ளிகள், இரும்புப் பஞ்ச் வைத்து அடித்தது. வீட்டில் தையல் மிஷின் சக்கரத்தில் அதே மூன்று புள்ளி உண்டு. கதவுத் தாழ்ப்பாளிலும் உண்டு. ஃபிட்டராக இருந்த அப்பா, தான் ரிப்பேர் செய்த சாமானில் எல்லாம் போட்ட அடையாளம். சட்டைகளை எரித்த அம்மாவால் தாழ்ப்பாளை எரிக்க முடியவில்லை.

அப்பாதான் இதை அறுத்திருக்கிறார். நிதானமாக அரம் போட்டு, நட்ட நடுவில் ஓட்டை போட்டு, தன் டோக்கனைத் தானே இங்கே மாட்டியிருக்கிறார். அப்படியென்றால் பாறை வெடித்த அன்றைக்கு ஆணியில் தொங்க அவரிடம் டோக்கனே இல்லை. முதல் பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

"அங்கிள், அன்னிக்கு எங்கப்பா கேஜ்ல ஏறுனாரா?"

ராஜப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏறுனாம்மா. நான் தான் கதவ சாத்துனேன்."

ராஜப்பாவுக்குக் கல்யாணம் ஆன புதுசு. மைன்ஸில் இருந்த கொர்னேலியஸ் துரை ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த பெட்டி, கவர்னர் தட்டு உடைந்து பாடாமல் கிடந்தது. புதுப் பெண்டாட்டி பாட்டுக் கேட்க வேண்டும் என்று அவர்தான் அசோகனை நச்சரித்தார். கைக்குத் தோதாக வேறு பித்தளை இல்லை. தொலைந்தது என்று சொல்லிப் புது டோக்கன் வாங்கிக்கொள்கிறேன், ஒரு ஷிப்ட்டுக்குக் கண்டுக்காதே என்றான் அசோகன். இவரும் ஏற்றிவிட்டார். வெடித்த பிறகு வெளியே எடுத்த ஆட்களும் பலகையில் இருந்த டோக்கனும் கணக்கில் சரியாக இருந்ததால் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். டோக்கன் இல்லாதவனை ஏற்றினேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று இவர் மறைத்துவிட்டார். வெடிச்ச உடனே போயிருப்பான், வலி தெரிஞ்சிருக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தாராவின் போன் அடித்தது. அம்மா. ஒரு கை தட்டை அமுக்கியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே வாய் சொல்லிவிட்டது.

"அம்மா, அப்பா ஓடிப்போல. அன்னிக்கு டோக்கன் இல்லாம இறங்கியிருக்காரு. ஏத்திவிட்டவரு இங்கதான் கீறாரு."

 அம்மா அழுவாள் என்று தாரா காத்திருந்தாள்.

"பைப்ப தட்னாரான்னு கேளு," என்றாள் லீலா.

தாரா திரும்பிப் பார்த்தாள். ராஜப்பா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார்.