கால் மாத்திரை

"பேருக்கு ரெண்டு கத்திரி போட்டாப் போதும்ணா. மொட்டை வேணாம்" என்று விமல்ராஜ் தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

நாவிதர் கோவிந்தசாமி கத்தியில் புது பிளேடைச் செருகியபடி, பக்கத்தில் நின்ற சித்தப்பா இராமதாஸைப் பார்த்தார். மணி மூன்றாகியும் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் வெயில் தணியவில்லை. பத்தடி தள்ளி, பாடையில் அப்பா தெய்வநாயகம் கிடந்தார்.

"இன்னாடா பேசற? கொள்ளி வெக்கிறவன் நீதான? பெத்த அப்பனுக்குக் குடுக்காத மயிரு இன்னா மயிரு? உக்காருடா!" என்று சித்தப்பா அதட்டினார்.

உட்கார்ந்தான். சொம்புத் தண்ணீர் உச்சியில் விழுந்தது. முதல் இழுப்பில் ஒரு கொத்து முடி ஈரத் தொடையில் வந்து ஒட்டியது. அதைப் பார்த்ததும் விமல்ராஜ் வாய்விட்டு அழுதான். பாவம், தாயுமில்லாத ஒரே பிள்ளை, தாங்கமாட்டான் என்று சுற்றி நின்றவர்கள் முதுகைத் தடவினார்கள். அந்த அழுகையில் அப்பாவின் பங்கு எவ்வளவு, முடியின் பங்கு எவ்வளவு என்று யார் கண்டார்கள்? பிடிபட்டவன் போல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

தட்டாஞ்சாவடியில் முப்பது வருடம் லேத் ஓட்டிய தெய்வநாயகத்துக்கு இருபத்தைந்து வயதிலேயே சொட்டை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. மகனுக்கு இருபத்தெட்டில் நெற்றி ஏறத் தொடங்கியபோது உலகமே இருண்டது. கார் ஷோரூமில் வேலை. நாலு பேரைப் பார்த்துச் சிரித்து வண்டி விற்க வேண்டும். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும், பையனுக்கு வயசு கூட போல என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் மாத்திரை. அது போட்டு முடி கொட்டுவது நின்ற பிறகு பார்த்த பெண் காலாப்பட்டு அன்புசெல்வி. "மாப்ளைக்கு முடி சூப்பரா இருக்குடி" என்று உள்ளே யாரோ ஒரு பெண் கிசுகிசுத்தது கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடமாகக் குடும்பம் நடத்துகிறான்.

குடும்பம் எங்கே நடந்தது? கல்யாணமான நாலாம் மாதமே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் அவன். ஆசை என்று ஒன்று உடம்பில் இருந்த சுவடே இல்லை. தோல் டாக்டரிடம் கூசிக்கூசிச் சொன்னபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "ஹார்மோன்ல கை வெக்கிற மாத்திரை தம்பி. கொஞ்சப் பேருக்கு இப்படி ஆவும். நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும், சிலருக்கு நாளாவும். ஆனா நின்ன முடி திரும்பக் கொட்டிடும். உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

எதை முடிவு பண்ணுவது? முடி போனால் செல்வி போய்விடுவாள். முடி இருந்தால் அவளுக்குப் புருஷன் இல்லை. இரண்டு தடவை நிறுத்தினான். சீப்பில் கொத்தாக வந்ததும் மறுபடி ஆரம்பித்தான்.

அவளிடம் வைட்டமின் என்று சொல்லி, ஒரு வைட்டமின் டப்பாவில்தான் போட்டு வைத்திருந்தான். பெரிய மாத்திரை, நாலில் ஒரு பங்குதான் வேண்டும். "முழுசாப் போட்டா சூடு, கால் போதும்னு டாக்டர் சொன்னாரு" என்றான். சூடு என்றால் அவள் மறுபேச்சு பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து, கத்தியால் அதை நாலாக நறுக்கி வைப்பது அவள் வேலை. தினம் மாலை ஏழு மணிக்கு அவன் போனில் மணி அடிக்கும். அவள்தான் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவாள். உடம்பு தேறட்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நீட்டுவாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அத்தை சிவசங்கரி, செல்வி காதில் விழும்படியே சொன்னாள்: "மூணு வருஷமாவப் போவுது. இவளக் கை கழுவிட்டு வேற பாருடா." விமல்ராஜ் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து செல்வியும் அவனிடம் அதிகம் பேசுவதில்லை. நேற்று பையைக் கட்டி வைத்துவிட்டு, "காலையில காலாப்பட்டு பஸ்ல போறேன். என்கிட்ட இன்னா கொறைன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?" என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். விடிந்ததும் டீ டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்த அப்பா பிறகு எழவில்லை. பை கட்டிலுக்கடியில் போனது.

ரெட்டியார்பாளையம் வீட்டுக்குத் திரும்பியபோது, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. தலைமுழுகி ஈரவேட்டியோடு வந்து விளக்கைப் பார்த்தான்.

"அய்யோ, எங்கண்ணன உரிச்சு வெச்சிருக்கானே! பேரப்புள்ள மூஞ்சியப் பாக்காமலே போயிட்டியே அண்ணா!" என்று அத்தை செல்வியைப் பார்த்தபடியே மாரில் அடித்துக்கொண்டாள்.

செல்வி அவன் தலையைப் பார்த்தாள். முகம் சுளிப்பாள், ஒரு கணமாவது கண்ணைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தான். "தலையத் தொவட்டுங்க, சளி புடிச்சிக்கும்" என்று துண்டை நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவுதானா? இதற்கா மூன்று வருடம்?

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அது அவளிடம்தான் இருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்த அறைக்குள் தண்ணீரோடு வந்தாள்.

"காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. இதையாவது போடுங்க. பதினாறு முடிஞ்சதும் நான் கெளம்பறேன். அதுக்குள்ள நீங்க வுழுந்துடக் கூடாது."

அவள் உள்ளங்கை ஈரத்தில் கால் மாத்திரை கரையத் தொடங்கியிருந்தது. அவன் கை தானாகத் தலைக்குப் போனது. வழுவழுவென்று வெறும் தோல். மறைக்க இனி ஒன்றுமில்லை.

"இது வைட்டமின் இல்ல செல்வி."

அவள் தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"முடி கொட்டாம இருக்கப் போடறது. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே. நான் உன் பக்கம் திரும்பாததுக்கு இதான் காரணம். உன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

வெளியே அத்தையின் ஒப்பாரி ஓய்ந்து மறுபடி எழுந்தது.

"நான்தான நறுக்கிக் குடுத்தேன்" என்றாள் செல்வி. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்... என் கையாலயே."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். கால் மாத்திரை கரைந்து அதில் ஒட்டியிருந்தது.

"செல்வி, கை கழுவிடு."

அவள் முகம் வெளிறியது. "உங்க அத்தை சொன்னதையே நீங்களும் சொல்றீங்களா?"

"அய்யோ, அதில்ல! ஒடச்ச மாத்திரைய பொம்பளைங்க தொடக் கூடாது. புள்ள... புள்ள பெத்துக்கப் போறவங்க தொடவே கூடாது, வவுத்துல வளர்ற கருவுக்கு ஆவாதுன்னு பெட்டியில இருந்த சீட்டுல போட்டிருந்தான். படிச்சேன். படிச்சிட்டும் உன்ன நறுக்க வுட்டேன். நமக்குத்தான் எதுவும் இல்லியேன்னு..."

 தலையைக் குனிந்துகொண்டு விம்மினான்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு விரல்களை மூடாமல், கையை அப்படியே விரித்துப் பிடித்தபடி பின்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"சோப்பு போட்டா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"ஆமா" என்றான். "நல்லாத் தேய்ச்சி."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பை அவன் குதிகாலில் இடித்தது.