நாவல்பழ வாசனை

துரைக்கு பங்களாவில் பேச்சுத்துணை கிடையாது. அதனால் பட்லர் ஏனோக்குக்கும் கொஞ்சம் ஒயின் ஊற்றிக் கொடுப்பார். முதலில் முகர்ந்து, பிறகு நாக்கில் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஏனோக் நாவல்பழம் என்பான், நனைந்த கட்டை என்பான். துரை தலையாட்டுவார்.

ஒருநாள் துரை மாரிகுப்பத்தில் ரயிலேறிச் சீமைக்குப் போய்விட்டார். அதன்பின் என்ன ருசி என்று ஏனோக்கை யாரும் கேட்கவில்லை.

சாராயக் கடையில் அவன் தம்ளரை முகர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் சம்பங்கி சிரித்தான்.

"இன்னா பட்லரே, அதுக்கு முத்தம் குடுக்கறியா? குடிச்சிட்டுப் போய்யா."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத் திருவிருந்தில் பாதிரியார் ஒயின் பாத்திரத்தை அவன் உதட்டில் வைத்தார். ஏனோக் கண்ணை மூடி ஒரு மிடறை நாக்கில் நிறுத்தினான்.

"நாவல்பழம், ஐயா," என்றான். "கொஞ்சம் புளிச்சிருக்கு."

பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தான். பாதிரியார் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.