முப்பது தலைகளில் ஒன்று

ஜெனீவாவில் பெர்னெத் ஒரு தும்மல் போட்டால் போதும், நாலு தெரு தள்ளியிருக்கும் வங்கிக்காரர் புர்தியா கணக்குப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். பிரான்சு ராஜாவுக்குக் கடன் வாங்கி வாங்கியே பழக்கம். கடன் கொடுப்பவர் யாராவது ஒருவர் பெயரைச் சொன்னால், அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை கடன் கொடுத்தவருக்கு வருஷா வருஷம் பணம் தருவதாக எழுதிக்கொடுத்தார். வயசைக்கூட விசாரிக்கவில்லை, மகானுபாவர். ஜெனீவாக்காரர்கள் விடுவார்களா? அம்மை போட்டுப் பிழைத்தெழுந்த, எலும்பில் வலுவுள்ள முப்பது சிறுமிகளைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் தலைமேல் ஊர்ப் பணத்தையெல்லாம் கொட்டிவிட்டார்கள். பெர்னெத் அதில் ஒரு தலை.

பத்தொன்பது வயசாகியும் அவளுக்குப் படகேறத் தடை, பனியில் நடக்கத் தடை. ரொட்டிக்கடைக்காரியும் போதகரும்கூடப் பங்கு போட்டிருந்ததால், தெருவில் நிம்மதியாக இரும வழியில்லை. அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஒரே ஆள் படகோட்டி அமெதே. அதனாலேயே அவன்மேல் அவளுக்கு உயிர்.

கல்யாணப் பேச்சு காதில் விழுந்ததும் புர்தியா வைத்தியரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிரசவத்தில் எத்தனை பெண்கள் போய்ச்சேருகிறார்கள் என்று வைத்தியர் அடுக்கினார். தன் சேமிப்பையும் மகள்மேல் போட்டிருந்த அப்பா வைத்தியருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"அம்பது வயசுக்கு மேல கட்டிக்கயேன், கண்ணு. யாரு வேணாம்னா?" என்றார் புர்தியா.

பெர்னெத் தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து ஜனவரிக் காற்றில் போய் நின்றாள்.

"கல்யாணமா, கபமா? சீக்கிரம் சொல்லுங்க ஐயா, பல்லு கிட்டுது."

புர்தியாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பதறிப்போய்த் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். வேறு வழியில்லாமல் தலையையும் ஆட்டினார்.

கல்யாணம் முடிந்து தேவாலய வாசலில் இறங்கியதும், படகில் ஏரியைச் சுற்றலாம் வா என்று பெர்னெத் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள்? அமெதே நகரவில்லை.

"படகை வித்துட்டேன்" என்றான் பெருமையாக. "அந்தப் பணம் மொத்தமும் உன் தலைமேலதான் போட்டிருக்கேன்."

பெர்னெத் பிடித்திருந்த கையை விட்டாள். வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை.

அமெதே அவளைக் கவலையாகப் பார்த்தான். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டான்.

"தொண்டை கட்டியிருக்கா? எங்க, நாக்கை நீட்டு."